ஓவலில் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறீர்களா? ஸ்டாக் கார் பிழை நீக்கம், அறிகுறி வாரியாக

சிம்மில் (கணினியில் ஓட்டும் ரேஸ்) அமெரிக்க ஸ்டாக் கார் ரேஸான நாஸ்காரின் கார் எடுத்துக்கொண்டு முதன்முதலாக ஓவலுக்கு, அதாவது நீள்வட்டத் தடத்துக்கு, வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். இடது பக்கம் மட்டும்தானே திரும்ப வேண்டும், எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? நானும் கேட்டவன்தான். நான்கு வருடமாக வாரத்துக்கு இரண்டு ஓவல் ரேஸ் ஓட்டுகிறேன், ஞாயிறு நள்ளிரவு 12:30 மணிக்கு கப் ரேஸ் (நாஸ்காரின் முதன்மைத் தொடர்) பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை அரைத் தூக்கத்தில் வேலைக்குப் போகிறேன். அதில் தெரிந்துகொண்டதை அறிகுறி வாரியாக இங்கே போட்டிருக்கிறேன். உங்கள் வியாதி எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம், ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

எதையும் தொடுவதற்கு முன்னால்

நான்கு ரேஸ் தோற்றதும் காரின் அமைப்பை மாற்றும் செட்டப் பக்கத்தைத் திறந்து ஆளுக்கொரு எண்ணை மாற்றுவது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான் அது. முதலில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். பிரச்சினை வளைவில் எந்த இடத்தில் வருகிறது: நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா? டயர் மாற்றி எத்தனையாவது லேப்பில் வருகிறது? தனியாக ஓட்டும்போதும் வருகிறதா, முன்னால் கார் இருக்கும்போது மட்டுமா?

இரண்டு சொல் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் மூக்கு திரும்பாமல் சுவரைப் பார்த்துப் போனால் கார் "டைட்". பின்புறம் வழுக்கிக்கொண்டு சுற்றப் பார்த்தால் "லூஸ்". அமெரிக்க டிரைவர்கள் ரேடியோவில் வெறுமனே "கார் சரியில்லை" என்று சொல்வதில்லை. நுழையும்போது லூஸ், நடுவில் டைட், இருபது லேப்புக்கு மேல் மோசம் என்று இடமும் நேரமும் சேர்த்துச் சொல்வார்கள், அதை வைத்துத்தான் க்ரூ சீஃப் (அணியின் தலைமை மெக்கானிக்) அடுத்த பிட்டில் (டயர், எரிபொருளுக்காக நிற்கும்போது) எதை மாற்றுவது என்று முடிவெடுப்பார்.

அறிகுறி: வளைவை விட்டு வெளியே வரும்போது கார் சுற்றிவிடுகிறது

இதில்தான் நான் ஒரு மாதம் வீணாக்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சார்லட் ஓவல், ஒன்றரை மைல். நான்காம் வளைவை விட்டு வெளியே வரும்போது பின்புறம் பிய்த்துக்கொண்டு போகும். எட்டு ரேஸில் ஐந்து முறை அதே இடத்தில் சுற்றினேன். கார் லூஸ் என்று நானே முடிவுகட்டி, ஒவ்வொரு தடவையும் வெட்ஜைக் கூட்டினேன். (வெட்ஜ் என்பது வலது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் சேர்ந்து தாங்கும் எடையின் பங்கு. கூட்டினால் கார் டைட் பக்கம் போகும், குறைத்தால் லூஸ் பக்கம். நிஜ ரேஸில் பிட்டில் ஒருவர் பின் கண்ணாடி வழியாக நீளமான ரெஞ்சை விட்டுத் திருகுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான்.) கூட்டக் கூட்ட இன்னும் வேகமாகச் சுற்றியது.

கடைசியில் ரீப்ளேயை மெதுவாக ஓடவிட்டு, காரை விட்டுவிட்டு என் கையை மட்டும் பார்த்தேன். வளைவின் நடுவில் ஸ்டியரிங் ஒரு கோணத்தில் நிற்கிறது. மூக்கு வரவில்லை, இன்னும் கொஞ்சம் திருப்புகிறேன். அப்போதும் வரவில்லை, இன்னும் கொஞ்சம். இதற்குள் வலது கால் த்ராட்டிலில் (ஆக்ஸிலரேட்டரில்) இறங்கிவிட்டது. சுவர் நெருங்கி வருவதைப் பார்த்துப் பயந்து காலை லேசாக எடுத்த நொடியில் எடை முன்னால் வந்து முன் டயர் இரண்டும் கெட்டியாகப் பிடிக்கின்றன, பிடிக்கும்போது அவை தேவையை விட மிக அதிகமாகத் திரும்பியிருக்கின்றன. மூக்கு வெடுக்கென்று உள்ளே வர, பின்புறம் வெளியே போகிறது. கார் நடுவில் டைட், அதனால்தான் வெளியே லூஸ். நான் என்னடாவென்றால் டைட்டான காரை இன்னும் டைட்டாக்கிக்கொண்டிருந்தேன்.

அதனால் முதலில் கையைச் சோதியுங்கள். நடுவில் ஸ்டியரிங் கோணம் ஏறிக்கொண்டே போனால் வியாதி டைட். மருந்து செட்டப்பில் இல்லை, பத்துப் பதினைந்து மீட்டர் முன்னாலேயே காலை எடுங்கள், மெதுவாக உள்ளே போய் கார் திரும்பி முடித்த பிறகு த்ராட்டிலை ஒரே சீராக அழுத்துங்கள். அதன் பிறகும் டைட் என்றால் வெட்ஜைக் கொஞ்சம் குறையுங்கள், அல்லது வலது பின் டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள். கை அசையாமல் நிற்கும்போதே பின்புறம் போனால் மட்டும் அது உண்மையான லூஸ், அப்போது எல்லாவற்றையும் எதிர்த்திசையில் செய்யுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், இரண்டு கிடையாது.

அறிகுறி: நுழையும்போதே பின்புறம் வழுக்குகிறது

பெரும்பாலும் கால்தான். த்ராட்டிலைப் பட்டென்று விட்டு பிரேக்கை ஓங்கி மிதித்தால் எடை முழுக்க முன்னால் பாய்கிறது, பின் டயர் காற்றில் மிதக்கிற மாதிரி ஆகிவிடும். விடுவதையும் மிதிப்பதையும் மெதுவாக்கிப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் பிரேக் பயாஸை (முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பங்கிடும் அளவு) ஒரு புள்ளி முன்னால் தள்ளுங்கள். அவ்வளவுதான்.

அறிகுறி: தனியாக ஓட்டினால் வேகம், கூட்டத்தில் போனால் பின்தங்கல்

இது காற்று செய்யும் வேலை. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துவிடுவதால் உங்கள் மூக்கை அழுத்திப் பிடிக்கக் காற்று மிச்சமிருக்காது. நேர்ப்பாதையில் இதே காற்று இல்லாமை உங்களை இழுத்துக்கொண்டு போகும், வளைவில் கழுத்தைப் பிடிக்கும். வேகம் இருந்தும் முந்த முடியாமல் ஒருவர் பின்னாலேயே இருபது லேப் போகிறோம் என்றால் இதுதான் காரணம்.

சரி, என்ன செய்வது? அவர் போகும் தடத்திலேயே போகாதீர்கள். அரை கார் அகலமாவது விலகி, மூக்கின் ஒரு பக்கமாவது சுத்தமான காற்றில் இருக்கும்படி வையுங்கள். அவர் கீழே (உள் ஓரத்தில்) போனால் நீங்கள் மேலே (சுவர்ப் பக்கம்). வளைவுக்குள் முட்டிக்கொண்டு போவதை விட, நுழையும்போது இரண்டு மீட்டர் இடைவெளி விட்டுவிட்டு வெளியே வரும்போது முழு த்ராட்டிலில் அந்த இடைவெளியை மூடுவது நல்லது. முந்துவது நேர்ப்பாதையின் கடைசியில் நடக்கிற மாதிரி தெரியும், ஆனால் அதற்கு முந்தைய வளைவை எப்படி முடித்தீர்கள் என்பதிலேயே அது முடிவாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. நீங்கள் உள் தடத்தில் போகிறீர்கள், வலது பக்கம் கதவை ஒட்டி இன்னொருவர். அப்போது உங்கள் காரின் பக்கவாட்டில் தாங்கிப் பிடிக்கும் காற்று போய்விடும், திடீரென்று லூஸ் ஆகும். யாரும் தொடாமலேயே உள்ளே இருந்த கார் சுற்றி மேலே ஏறி வெளியே இருந்தவரையும் தூக்கிக்கொண்டு போவதை நிஜ ரேஸிலும் பார்க்கலாம். அப்புறம் சாட்டில் சண்டை நடக்கும், யார் மேலும் தப்பு இருக்காது.

அறிகுறி: முதல் பத்து லேப் ராஜா, இருபதாவது லேப்பில் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள்

டயரை முதல் ஐந்து லேப்பிலேயே தின்றுவிட்டீர்கள். டார்லிங்டனில் இது கண்கூடாகத் தெரியும். 1.366 மைல், முட்டை வடிவம், இரண்டு பக்க வளைவும் ஒரே மாதிரி கிடையாது, தரை மணல்காகிதம் மாதிரி டயரைத் தேய்க்கும். புது டயரில் போட்ட நேரத்துக்கும் முப்பது லேப் ஓடின டயரில் போடும் நேரத்துக்கும் இடையில் ஓரிரு நொடி வித்தியாசம் சாதாரணமாக வரும். அங்கே முதல் லேப்பில் பத்தில் ஒரு பங்கு நொடிக்காக டயரை இழுத்துக்கொண்டு சறுக்குவது வட்டிக்கு வாங்கிச் செலவு செய்கிற மாதிரி.

லேப் நேரங்களை ஒரு காகிதத்தில் எழுதுங்கள், டயர் வெப்பத்தையும் பாருங்கள். வலது முன் டயர் மற்றதை விட ரொம்பச் சூடாக இருந்தால் நடுவில் அதிகம் திருப்புகிறீர்கள். வலது பின் டயர் என்றால் வெளியேறும்போது த்ராட்டிலில் அவசரப்படுகிறீர்கள். இரண்டுக்கும் ஒரே பயிற்சிதான்: முதல் ஐந்து லேப் உங்களால் முடிந்ததை விடக் கொஞ்சம் குறைவாக ஓட்டுங்கள். இரண்டு இடம் போகும், போகட்டும், பதினைந்தாவது லேப்பில் அதே ஆட்களைத் திரும்பப் பார்ப்பீர்கள்.

அறிகுறி: பிட்டுக்குப் போய் வந்தால் ஒரு லேப் பின்னால்

டயர் தேய்மானம் அதிகமுள்ள தடத்தில் எல்லாருக்கும் முன்னால் பிட்டுக்குள் போனால் லாபம், ஏனென்றால் மற்றவர்கள் பழைய டயரில் தடவிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு லேப்பிலும் நீங்கள் புது டயரில் ஒரு நொடிக்கு மேல் சம்பாதிக்கிறீர்கள். ஆனால் மூன்று லேப் முன்னதாகப் போய் வந்த அடுத்த நிமிடமே மஞ்சள் கொடி (விபத்து போன்ற காரணத்தால் எல்லாரும் முந்தாமல் மெதுவாகப் போக வேண்டிய நேரம்) விழுந்தால் என்ன ஆகும்? பச்சையில் (ரேஸ் முழு வேகத்தில் ஓடும்போது) பிட்டுக்குப் போனதால் நீங்கள் ஒரு லேப் கீழே, மற்றவர்கள் மஞ்சளில் நிதானமாக டயர் மாற்றிக்கொண்டு உங்களுக்கு முன்னால். இது துரதிர்ஷ்டம் மட்டும் இல்லை. கூட்டம் நெருக்கமாக ஓடி, ஆளாளுக்கு முட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் மஞ்சள் வரும் என்று எதிர்பார்க்க வேண்டும், அப்போது முன்னதாகப் போகாதீர்கள். வரிசை நீண்டு அமைதியாக ஓடும்போது போங்கள்.

மாட்டிக்கொண்டாகிவிட்டது என்றால் திரும்பி வர இரண்டு வழி. 2003-இலிருந்து ஒரு விதி இருக்கிறது. மஞ்சள் விழும்போது, லேப் பின்தங்கியவர்களில் முதலாவதாக இருப்பவருக்கு அந்த லேப் திரும்பக் கிடைக்கும், "லக்கி டாக்" என்பார்கள். அதனால் ஒரு லேப் கீழே இருக்கும்போது நீங்கள் போட்டி போட வேண்டியது தலைவரோடு இல்லை, உங்களைப் போலவே மாட்டிக்கொண்ட அந்த இன்னொரு பாவப்பட்டவரோடு. இன்னொரு வழி, மஞ்சளில் தலைவர்கள் பிட்டுக்குப் போகும்போது நீங்கள் வெளியிலேயே நின்று, ரீஸ்டார்ட்டுக்கு (மஞ்சள் முடிந்து ரேஸ் மறுபடி தொடங்குவது) முன் சுற்றி வந்து வரிசையின் வாலில் சேர்வது. லேப் கிடைக்கும், பழைய டயரும் அரை டேங்க்கும் கூடவே வரும். இன்னொரு மஞ்சள் வரும் என்று நம்பினால் மட்டும் செய்யுங்கள்.

அறிகுறி: பிட் ரோட்டில் வேகத்துக்காகத் தண்டனை

கப் காரில் வேகமானி கிடையாது. எந்த ஆர்பிஎம்மில் போனால் சரியான வேகம் என்பதை ரேஸுக்கு முன், வரிசையை மெதுவாக நடத்திச் செல்லும் பேஸ் காருக்குப் பின்னால் போகும்போதே டிரைவர் பார்த்து வைத்துக்கொள்வார். மார்ட்டின்ஸ்வில்லில் மணிக்கு 30 மைல், டேடோனாவில் 55 மைல், தடத்துக்குத் தடம் மாறும். பிட் ரோட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் சராசரி வேகம் அளப்பார்கள். உங்கள் பெட்டி (டயர் மாற்ற நிற்கும் இடம்) இருக்கும் துண்டில் நீங்கள் நின்றுவிட்டுப் போவதால் சராசரி எப்படியும் குறைவாகத்தான் இருக்கும், அங்கே கொஞ்சம் தைரியமாக மிதிக்கலாம் என்று கணக்குப் போட்டு சம்பாதித்தவர்கள் உண்டு. உங்கள் சிம் சராசரி பார்க்கிறதா, அந்த நொடியின் வேகத்தைப் பார்க்கிறதா என்று பயிற்சியில் சோதித்துவிட்டு இதைச் செய்யுங்கள். நான் சோதிக்காமல் செய்தேன், மூன்றாம் இடத்திலிருந்து 22-க்குப் போனேன்.

அறிகுறி: ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் நான்கு இடம் போகிறது

இதற்குக் காரணம் பச்சைக் கொடிக்கு ஒரு நிமிடம் முன்பே நடந்து முடிந்துவிட்டது. 2020-இலிருந்து எந்த வரிசையில் நிற்பது என்று டிரைவரே தேர்ந்தெடுக்கலாம், தரையில் வரைந்திருக்கும் வி அடையாளத்துக்கு எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்த வரிசை. வெளி வரிசை நல்லது என்று எட்டுப் பேரில் ஆறு பேர் அங்கே போய்விட்டால், ஒன்பதாவதாக வரும் நீங்கள் உள்ளே போனால் மூன்றாவது வரிசையிலேயே நிற்கலாம். உட்கார்ந்த இடத்திலேயே மூன்று நான்கு இடம் லாபம். ஆனால் அந்தத் தடத்தில் உள் வரிசை முதல் வளைவில் சாகும் என்றால் லாபம் வந்த வழியே போய்விடும். முந்தைய இரண்டு ரீஸ்டார்ட்டில் எந்த வரிசை முன்னேறியது என்று பார்த்து வைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

உங்களுக்கு முன்னால் நிற்பவர் யார் என்பதும் முக்கியம். அவர் சக்கரம் சுழன்று திணறினால் நீங்கள் எங்கேயும் போக முடியாது, கோடு தாண்டும் வரை வரிசை மாறக் கூடாது என்பது விதி. மஞ்சளில் டயர் ஆறிப்போயிருக்கும், முதல் வளைவில் வழக்கமான இடத்துக்கு முன்பே காலை எடுங்கள், மூன்று கார் அகலத்தில் நடுவில் மாட்டாதீர்கள்.

அறிகுறி: டேடோனாவில் முந்த வெளியே வந்தால் கடைசி இடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்

யாரும் தள்ளவில்லை, உங்களுக்குத் துணைக்கு யாரும் வரவில்லை, அவ்வளவுதான். டேடோனாவும் டல்லடேகாவும் கூட்டத்தோடு கோவிந்தா போடும் தடங்கள். 1960 டேடோனா 500-இல் ஜூனியர் ஜான்சன் சக்தி குறைந்த காரை வைத்துக்கொண்டு வேகமான கார்களின் பின்னால் ஒட்டிக்கொண்டே போய் ஜெயித்தார், அன்றிலிருந்து டிராஃப்ட்தான் (முன்னால் போகும் காரின் காற்று மறைவில் ஒட்டிப் போவது) அங்கே எல்லாம். இரண்டு கார் சேர்ந்தால் ஒன்றை விட வேகம், பத்து சேர்ந்தால் இன்னும் வேகம். தனியாக வெளியே வந்தால் காற்றுச் சுவரில் மோதிய மாதிரி நிற்பீர்கள், வரிசை முழுக்க உங்களைத் தாண்டும்.

வெளியே வருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: பின்னால் இருப்பவர் என் கூட வருவாரா? வேகம் தானாக வராது. இரண்டு கார் நீள இடைவெளி விட்டு, பின்னால் இருப்பவரும் ஒட்டிக்கொண்ட பிறகு, அந்த இடைவெளியை மூடும்போது கிடைக்கும் உந்தலில்தான் வெளியே வர வேண்டும். "நான் தள்ளுகிறேன், நீ போ" என்று ரேடியோவில் சொல்பவரை ஒரு ரேஸ் முழுக்க கவனித்த பிறகு நம்புங்கள், இல்லையென்றால் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கின கதை. பக்கத்தில் வந்துவிட்டால் அவருடைய பின் சக்கரத்துக்கு நேராக உங்கள் மூக்கை ஒட்டி வையுங்கள், அவர் ஸ்பாய்லரில் காற்று அடைத்து வேகம் குறையும். தள்ளுவதாக இருந்தால் பம்பரின் நடுவில், நேர்ப்பாதையில் மட்டும்.

அப்புறம் இந்தத் தடங்களின் உள் ஓரத்தில் இருக்கும் அந்த இரட்டை மஞ்சள் கோடு. அதற்குக் கீழே போய் முந்தினால் செல்லாது. 2008 அக்டோபரில் டல்லடேகாவில் ரீகன் ஸ்மித் முடிவுக் கோட்டை முதலில் தாண்டினார், ஆனால் மஞ்சள் கோட்டுக்குக் கீழே போய் முந்தினார் என்று வெற்றியை டோனி ஸ்டூவர்ட்டுக்குக் கொடுத்தார்கள்.

அறிகுறி: கடைசி லேப்பில் எரிபொருள் தீர்ந்தது

2011 கோகோ கோலா 600-இல் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் கடைசி வளைவில் முன்னணியில் இருக்கும்போதே டேங்க் காய்ந்து, கெவின் ஹார்விக் தாண்டிப் போய் ஜெயித்தார். ஆகவே வெட்கப்பட வேண்டாம், கணக்கைப் பாருங்கள். 62 லேப் மிச்சம், டேங்க் 57 லேப்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இப்போதே ஆரம்பித்தால் லேப்புக்கு 8 சதவீதம் மிச்சம் பிடித்தால் போதும். நேர்ப்பாதை முடியும் முன்பே காலை எடுத்து உருளவிட்டு, யார் பின்னாலாவது ஒட்டிக்கொண்டால் பெரிய நேர இழப்பில்லாமல் வந்துவிடும். 30 லேப் இருக்கும்போது ஆரம்பித்தால் 17 சதவீதம், பின்தங்குவீர்கள். 12 லேப் இருக்கும்போது யோசித்தால் 42 சதவீதம், பிட்டுக்குப் போவதுதான் வழி.

அறிகுறி: சின்னத் தடத்தில் எல்லாரும் இடிக்கிறார்கள்

மார்ட்டின்ஸ்வில், அரை மைல். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் முதல் ரேஸ் ஓட்டியதும் இங்கேதான், 13-ஆவதாக வந்தார். இங்கே இடிப்பது ஆட்டத்தில் சேர்த்தி. நீங்கள் நடுவில் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தால் பின்னால் வருபவர் பம்பரைத் தொட்டு மேலே நகர்த்திவிட்டுப் போவார். பிரேக்கை நேர்க்கோட்டில் முடித்து, கீழ் ஓரத்தை விட்டுக்கொடுக்காமல், சீக்கிரம் வெளியேறுங்கள். இடிக்க எட்டாது. 2022-இல் ராஸ் சேஸ்டைன் இங்கே கடைசி லேப்பில் சுவரோடு சுவராக உரசிக்கொண்டு முழு த்ராட்டிலில் ஐந்து காரைத் தாண்டினாரே, அதை முயல வேண்டாம். அடுத்த ஆண்டு முதல் அதற்குத் தண்டனை என்று அறிவித்துவிட்டார்கள்.

அறிகுறி: மேலே சொன்ன எதுவும் இல்லை, ஆனாலும் நேர்ப்பாதையில் மெதுவாக இருக்கிறது

மூன்று வாரம் டேடோனாவில் என்னை எல்லாரும் சும்மா தாண்டிப் போனார்கள். டிராஃப்ட் சரியில்லை, கியர் சரியில்லை, சர்வர் சரியில்லை என்று ஊரையே குறை சொன்னேன். ஒருநாள் திரையின் மூலையில் இருக்கும் த்ராட்டில் பட்டையைப் பார்த்தால் முழுக்க மிதித்தும் 96-இல் நிற்கிறது. குனிந்து பார்த்தேன். பெடலுக்கு அடியில் என் மகளின் பச்சை கிரேயான்.